தேயிலைக் கன்றுக்கு ஏன் விமானப் பயணம் கிடையாது?



மருமக்களே, பள்ளிக்கூட விடுமுறை வரப்போகிறது. ஹேவாஹெட்டயிலிருந்து சிலர் அம்மா அப்பாவோடு திருச்சிப் பக்கம் சொந்தக்காரரைப் பார்க்கப் போவீர்கள். பெட்டி கட்டும் வேலை வீட்டில் இப்போதே தொடங்கியிருக்கும்.

உன் மனதில் ஓர் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள். அங்கே இருக்கும் அம்மாயிக்கு நம் மலையிலிருந்து ஏதாவது கொண்டு போக வேண்டும். தோட்டத்து நாற்று மேடையில் சின்னத் தேயிலைக் கன்று ஒன்று இருக்கிறது. வேரோடும் மண்ணோடும் அப்படியே பொலித்தீன் பையில் இருக்கிறது. அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தால் என்ன?

அன்பிலிருந்து பிறந்த நல்ல கேள்வி இது. கேட்டதற்கே உன்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும். ஆனால் பதில், "கூடாது" என்பதுதான். முன்கூட்டியே அனுமதி வாங்காமல் அந்தக் கன்று கடல் தாண்ட முடியாது.

சரி, கன்று வேண்டாம். கடையில் விற்கும் தேயிலைப் பொட்டலம்? அதைத் தாராளமாகக் கொண்டு போகலாம்.

இப்போது கொஞ்சம் யோசி. இரண்டும் ஒரே செடிதான். பொட்டலத்துக்குள் இருந்தால் போகலாம். பச்சையாக இருந்தால் போகக்கூடாது. ஏன் இந்த வித்தியாசம்?

இந்தப் புதிரை அவிழ்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. விடை நம் மலையிலேயே இருக்கிறது.

*

உன் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் சரிவெல்லாம் தேயிலை தெரிகிறது அல்லவா? 150 ஆண்டுகளுக்கு முன் இதே சரிவுகளில் தேயிலை இல்லை என்றே சொல்லலாம். கோப்பிதான் நின்றது. கண்டியைச் சுற்றி, ஹேவாஹெட்டயில், மாத்தளையில், பதுளையில், எங்கும் கோப்பி. 1870களின் இறுதியில் இலங்கையில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் படகேறியும் வந்த நம் முன்னோர், முதலில் இந்த மலைகளில் பறித்தது தேயிலைக் கொழுந்தை அல்ல, கோப்பிப் பழத்தை.

1869ஆம் ஆண்டு. மடுல்சீமைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. இலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அடியில் செம்மஞ்சள் நிறத்தில் தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது.

அந்த இலைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அப்போது பூங்காவின் இயக்குநராக இருந்தவர் த்வெயிட்ஸ் என்ற அறிஞர். அவர் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி, புரூம் என்ற இரு பங்கசு ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, இது உலகம் அதுவரை அறியாத புதுப் பங்கசு என்று சொன்னார்கள். அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். நாம் கோப்பித் துரு நோய் என்கிறோம்.

அந்தத் தூள் என்ன தெரியுமா? ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி. பங்கசுக்கு விதை கிடையாது. அது வித்திகளால்தான் பரவுகிறது. உன் அளவுகோலில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைப் பார். அதற்குள் இந்த வித்திகளை வரிசையாக வைத்தால் ஏறத்தாழ முப்பது அடங்கும். நோய் கண்ட ஒரு புள்ளியிலிருந்து மட்டும் சில மாதங்களில் லட்சக்கணக்கான வித்திகள் வெளியேறும்.

இதுவரை சரிதானே? ஒரு தரம் மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி.

தோட்டக்காரர்கள் முதலில் பெரிதாகக் கவலைப்படவில்லை. மழை கூடியதால் வந்த கோளாறு, தானாகப் போய்விடும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் நோய் போகவில்லை. ஆண்டுதோறும் இலைகள் கொட்டின. இலை இல்லாத மரத்தால் உணவு செய்ய முடியாது. உணவு இல்லாத மரம் காய்க்காது.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து வந்தார். இந்த நோயை ஆராய்வதற்காகவே அவரை அனுப்பினார்கள். அவர் செய்த ஒரு சோதனையை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணாடித் தகடுகளில் ஒட்டும் திரவத்தைப் பூசிக் கோப்பித் தோட்டங்களில் காற்றுப்படும் இடங்களில் வைத்தார். பிறகு எடுத்துப் பார்த்தார். தகட்டில் வித்திகள் ஒட்டியிருந்தன! கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நோய் பறக்கிறது என்பது அப்படித் தெரிய வந்தது. எவ்வளவு எளிய கருவி பார். ஒரு கண்ணாடித் தகடு, கொஞ்சம் பசை, நிறையப் பொறுமை.

இன்னொன்றையும் அவர் கண்டார். வித்தி முளைக்க ஈரம் வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் இலைவாய்கள் இருக்கின்றன என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பாய். முளைத்த வித்தி அந்த இலைவாய் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. நம் மலையில் ஈரத்துக்குக் குறைவா? காலையில் பனி, மாலையில் மழை. அதோடு மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் கோப்பி. ஒரு மரத்திலிருந்து பறந்த வித்தி எங்கே விழுந்தாலும் இன்னொரு கோப்பி இலையில்தான் விழுந்தது.

வார்ட் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. நோய் தெரிந்த 20 ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. தோட்டங்கள் விலைபோகாமல் கிடந்தன. வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பிழைப்பில்லாமல் தவித்தன. துரைமாரின் நட்டத்தைப் பற்றிப் புத்தகங்களில் நிறைய எழுதியிருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பசியைப் பற்றி எழுதியிருப்பது குறைவு. அதனால்தான் உனக்கு அதையும் சொல்கிறேன்.

கோப்பியின் தாயகம் ஆப்பிரிக்கா. துரு நோய்ப் பங்கசின் தாயகமும் அதுவே. செடியை மனிதர் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். நோயும் ஒரு நாள் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. அந்த நாட்களில், "இந்தச் செடியில் என்ன ஒளிந்திருக்கிறது?" என்று கேட்க எல்லையில் யாரும் இல்லை.

நல்ல வேளையாக ஹேவாஹெட்டப் பக்கத்திலேயே ஒருவர் வேறு வேலையில் இறங்கியிருந்தார். லூல்கந்துர தோட்டத்தின் ஜேம்ஸ் டெய்லர். துரு நோய் தெரிவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1867இல், அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி சாய்ந்தபோது மற்றவர்களும் லூல்கந்துரயைப் பார்த்தார்கள். 1900ஆம் ஆண்டு வரும்போது இலங்கையில் தேயிலை 3,50,000 ஏக்கரையும் தாண்டிவிட்டது. டெய்லரின் கல்லறை கண்டி மஹியாவையில் இருக்கிறது. அவர் நட்ட தேயிலையைக் காப்பாற்றி வளர்த்த கைகள் நம்முடையவை.

*

இங்கே நீ ஒன்று கேட்கலாம். "மாமா, அந்தப் பங்கசு ஆப்பிரிக்காவிலும் இருந்ததே. அங்கே ஏன் எல்லாக் கோப்பியும் அழியவில்லை?"

அருமையான கேள்வி! பெரிய விஞ்ஞானிகளும் இப்படித்தான் கேட்பார்கள்.

ஒரு பூச்சியோ பங்கசோ தன் சொந்த ஊரில் இருக்கும்போது அதைக் கட்டுக்குள் வைக்கப் பல இருக்கின்றன. அதைத் தின்னும் உயிர்கள் இருக்கும். அதை எதிர்த்து நின்று பழகிய செடிகள் இருக்கும். காட்டில் ஒரு கோப்பி மரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வேறு மரங்கள் நிற்கும். புது நாட்டுக்கு வந்தால் இவை ஒன்றும் இல்லை. மணி அடித்தும் ஆசிரியர் வராத வகுப்பறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே. அப்படித்தான்.

பப்பாசி மரத்துக்கு நடந்ததைச் சொன்னால் இது நன்றாக விளங்கும். இது உன் அண்ணன், அக்கா பிறந்த காலத்துக் கதை.

2008இல் கம்பஹா, கொழும்புப் பக்கங்களில் பப்பாசி மரங்களில் வெள்ளை மெழுகுத் தூள் போர்த்திய சின்னப் பூச்சிகள் மொய்த்தன. இவற்றை வெண்மூட்டுப்பூச்சி என்பார்கள். தமிழ்நாட்டில் மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி இலையைச் சுருட்டி, காயைக் கெடுத்து, கடைசியில் மரத்தையே சாய்த்தன. அதே 2008இல் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலும் அவை தென்பட்டன. மரவள்ளி, மல்பெரி என்று வேறு பயிர்களையும் பிடித்தன.

இந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது பெரிய தொல்லை இல்லை. காரணம், மிகச் சின்னக் குளவி ஒன்று. அது வெண்மூட்டுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். குளவிக் குஞ்சு உள்ளேயிருந்து அந்தப் பூச்சியைத் தின்று வளரும். பூச்சி மட்டும் இங்கே வந்துவிட்டது. குளவி வரவில்லை.

என்ன செய்தார்கள்? புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவியைத் தருவித்தார்கள். இலங்கையில் 2009இலும் இந்தியாவில் 2010இலும் அதைத் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கத் தொடங்கியது.

ஆனால் இங்கே ஒரு விடயத்தைக் கவனி. குளவியை யாரும் பையில் போட்டுக் கொண்டுவரவில்லை. அது வேறு நல்ல உயிர்களைத் தாக்குமா என்று சோதித்து, அனுமதி வாங்கி, பிறகுதான் கொண்டுவந்தார்கள். நல்லதைக் கொண்டுவரும்போதும் கேட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

இப்படிக் கேட்காமல் வந்த ஒன்று நம் குளங்களில் இன்றும் மிதக்கிறது. ஆகாயத்தாமரை. ஊதாப் பூ அழகாக இருக்கிறது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1909இலேயே அதற்கெதிராகத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. சட்டம் வந்தது. செடி போகவில்லை.

*

"நான் கொண்டு போகும் பொருளை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன், மாமா" என்று நீ சொல்லலாம். உன் கண்ணில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இந்தத் திருட்டுப் பயணிகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பதில்லை.

ஒரு மாம்பழத்தை எடுத்துக்கொள். தோலில் ஒரு கீறல் இல்லை. வாசம் தூக்குகிறது. ஆனால் அது பிஞ்சாக இருந்தபோது ஒரு வண்டு வந்து தோலில் முட்டை இட்டிருக்கலாம். முட்டையிலிருந்து வந்த புழு சதையைத் துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடும். பிஞ்சு வளர வளர அது போன வழி மூடிக்கொள்ளும். நீ பழத்தைச் சாப்பிட்டு முடிக்கும் வரை கொட்டைக்குள் முழு வண்டு உட்கார்ந்திருப்பது தெரியாது. மாங்கொட்டை வண்டு என்பது இதுதான். இது இல்லாத நாடுகள் மாம்பழத்தைக் கண்டதும் ஏன் முகத்தைச் சுளிக்கின்றன என்று இப்போது தெரிகிறதா?

வாழைக்குட்டி இன்னும் மோசம். முடிக்கொத்து நோய் என்று ஒன்று உண்டு. நோய் வந்த வாழையில் இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். குலை வராது. இது வைரசால் வருகிறது. சின்னஞ்சிறிய அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்து மரத்துக்குப் பரப்பும். ஆனால் தூர ஊருக்குப் பரப்புவது யார்? குட்டியைப் பெயர்த்துக் கொண்டு போகும் மனிதர்தான். இலங்கையில் இந்த நோய் 1913 முதல் தெரியும். கேரளத்தில் 1940 அளவில் தோன்றியது. இலங்கையிலிருந்து போன கன்றுகளோடுதான் அது அங்கே போயிருக்க வேண்டும் என்று நம்புகிறார்கள். பிறகு இந்திய அரசு, நோய் உள்ள மாநிலங்களிலிருந்து மற்ற மாநிலங்களுக்கு வாழைக்கன்று கொண்டு போகத் தடை விதித்தது. கடல் தாண்டும்போது மட்டும் அல்ல, மாநில எல்லையைத் தாண்டும்போதும் சட்டம் இருக்கிறது.

மண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

தமிழ்நாட்டில் நீலகிரி மலை இருக்கிறது. நம் நுவரெலியாவைப் போன்ற குளிர், உருளைக்கிழங்குத் தோட்டங்கள், தேயிலை. 1961இல் அங்கே போன ஜோன்ஸ் என்ற பிரித்தானிய விஞ்ஞானி, உருளைக்கிழங்கு வேரில் பொன் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டார். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் அளவு. அவை ஒரு வகை நூற்புழுவின் உடல்கள். தாய்ப் புழு இறந்த பிறகு அதன் தோல் தடித்துக் கூடாகிவிடுகிறது. அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும்.

அந்த முட்டைகள் என்ன செய்யும் தெரியுமா? காத்திருக்கும். உருளைக்கிழங்கு நடும் வரை காத்திருக்கும். உருளைக்கிழங்கின் வேரிலிருந்து ஒரு வேதிப்பொருள் மண்ணில் கசியும். அது பட்டதும் முட்டை பொரிக்கும். உருளைக்கிழங்கு நடாவிட்டால்? 20 ஆண்டுகள் கூட சில முட்டைகள் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு துளி மண் போதும், வேறு மலைக்குப் போய்ச் சேர.

அதனால் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டு செல்லத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. அந்த விவசாயிகளுக்கு இது கடினமான சட்டம்தான். ஆனால் மற்ற மலைகளின் விவசாயிகளைக் காப்பாற்றிய சட்டம். இது நியாயமான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

நம் நாட்டுக்குள்ளேயும் இப்படி ஒன்று இருக்கிறது. தெற்கே வெலிகமப் பக்கத்தில் தென்னை இலை வாடல் நோய் 2006ஆம் ஆண்டளவில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் கண்ட தென் மாகாணப் பகுதிகளிலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டு போகக் கூடாது. மாத்தறையில் இருக்கும் மாமா ஆசையாகக் கொடுத்தாலும் ஹேவாஹெட்டக்கு அந்தக் கன்று வரக்கூடாது. குருநாகல், சிலாபம் பக்கத்துத் தென்னைகளைக் காக்கப் போட்ட வேலி அது.

*

இப்போது முதலில் கேட்ட புதிரை நீயே அவிழ்த்துவிடுவாய். பொட்டலத் தேயிலை ஏன் போகலாம்?

தொழிற்சாலையில் கொழுந்துக்கு என்ன நடக்கிறது என்று உன் அம்மாவிடம் கேட்டுப் பார். வாட்டுகிறார்கள். அரைத்து உருட்டுகிறார்கள். நிறம் மாறும் வரை விடுகிறார்கள். பிறகு கொதிக்கும் நீரின் சூட்டை நெருங்கும் வெப்பக் காற்றில் காய வைக்கிறார்கள். வெளியே வரும்போது தேயிலையில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். அந்தச் சூட்டையும் வறட்சியையும் தாண்டிப் பூச்சியும் அதன் முட்டையும் பிழைக்காது. இலையைப் பிடிக்கும் பங்கசும் பிழைக்காது. வறுத்து அரைத்த கோப்பித் தூளும் அப்படியே.

பச்சைக் கன்றில் எல்லாம் உயிரோடு இருக்கிறது. இலையில் ஒன்று, தண்டில் ஒன்று, வேரைச் சுற்றிய மண்ணில் ஆயிரம். ஒரு கிராம் தோட்ட மண்ணில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை நல்லவை. ஆனால் எது நல்லது, எது கெட்டது என்று பையைத் திறந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மண் என்றாலே பல நாடுகள் வாசலிலேயே நிறுத்திவிடும். இந்தியாவும் அப்படித்தான். விதைக்கும் செடிக்கும் இந்தியாவின் 2003ஆம் ஆண்டு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நாம் இங்கே வாங்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும்.

திரும்பி வரும்போதும் இதே கதைதான். இலங்கையின் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் நம் வாசலைக் காக்கிறது. தேயிலை, இறப்பர், தென்னை போன்ற பயிர்களின் கன்றுகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அம்மாயி கொடுத்த மல்லிகைப் பதியனையும் கேட்காமல் கொண்டுவரக் கூடாது.

இவ்வளவு கடுமை வேண்டுமா என்று தோன்றுகிறதா? இறப்பரைப் பார்.

இறப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876இல் விக்கம் என்பவர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். லண்டன் கியூ பூங்காவின் கண்ணாடி வீட்டில் அவற்றை முளைக்க வைத்தார்கள். முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 2,000 அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் ஹெனரத்கொட பூங்காவில் நட்டார்கள்.

பிரேசிலில் இறப்பர் இலைகளைக் கருக்கும் கொடிய பங்கசு ஒன்று இருக்கிறது. அங்கே பெரிய இறப்பர்த் தோட்டங்கள் போட முயன்ற ஹென்றி ஃபோர்டின் நிறுவனத்தையே அது தோற்கடித்தது. ஆனால் அந்த 70,000 விதைகளோடு அது வரவில்லை. இன்றுவரை ஆசியாவுக்கு வரவில்லை. களுத்துறையிலும் கேகாலையிலும் இறப்பர் பால் வெட்டும் குடும்பங்கள் பிழைப்பது அதனால்தான். ஒரே ஒரு ஒட்டுக் கன்று திருட்டுத்தனமாக வந்தால் போதும், கோப்பிக்கு நடந்தது இறப்பருக்கும் நடக்கலாம்.

தேயிலையும் ஒரு தடவை அடி வாங்கியது. அசாமில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த கொப்புள நோய், 1946இல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் வந்து சேர்ந்தது. இளங்கொழுந்தில்தான் அது கொப்புளம் போடும். நாம் பறிப்பதும் அந்தக் கொழுந்தைத்தானே? இந்த முறை தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. செம்பு கலந்த மருந்துகளைத் தெளித்துத் தேயிலையைக் காப்பாற்றினார்கள். ஆனால் நோய் இன்னும் இங்கேயே இருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்தில் மருந்தடிப்பதைப் பார்த்திருப்பாய். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட ஒன்றுக்காக ஆண்டுதோறும் செலுத்தும் விலை அது.

*

ஆகவே பயணத்துக்கு முன் என்ன செய்யலாம்?

பெட்டி கட்டும்போது ஒவ்வொரு பொருளையும் எடுத்து ஒரு கேள்வி கேள். "இது இன்னும் உயிரோடு இருக்கிறதா? இதில் உயிர் ஒளிந்திருக்க முடியுமா?" செடி, கிளை, விதை, கிழங்கு, பச்சைப் பழம், மண், கூட்டோடு எடுத்த தேன் என்றால் அந்தப் பொருளைத் தனியே வை. பிறகு கேட்டுத் தெரிந்துகொள்.

யாரிடம் கேட்பது? உன் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். நீ கேட்டால் சந்தோஷப்படுவார். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் நம் பேராதனையிலேயே இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கொண்டு போகும் தாவரங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் தாவரத் தொற்றுத்தடைக்காப்பு அலுவலகம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. போகும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நம் நாடு அனுப்பலாம் என்று சொல்வது பாதி வேலை. அந்த நாடு ஏற்றுக்கொள்ளும் என்று சொல்வது மறு பாதி. பயணத்துக்கு முந்தின நாள் கேட்டால் நேரம் போதாது. சில வாரங்களுக்கு முன்பே கேள்.

சப்பாத்தின் அடியையும் பார். தோட்டத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவு. இது உனக்கு மட்டுமே உரிய வேலை. பெரியவர்கள் மறந்துவிடுவார்கள்.

விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னால் பயப்படாதே. உன்னைக் கள்ளன் என்று அவர் நினைக்கவில்லை. உனக்கே தெரியாமல் உன்னோடு வரும் பூச்சியைத்தான் அவர் தேடுகிறார். இருப்பதை ஒளிக்காமல் நீயே முதலில் சொல்லிவிடு.

மனிதரையும் ஒரு காலத்தில் இப்படித்தான் நிறுத்திப் பார்த்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு வர வேண்டியவர்களை இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் தங்க வைத்தார்கள். கொள்ளை நோய், அம்மை உள்ளதா என்று பார்த்து, அம்மை குத்தி, அதன் பிறகுதான் கடல் கடக்க விட்டார்கள். உன் கொள்ளுத்தாத்தாவோ கொள்ளுப்பாட்டியோ அங்கே காத்திருந்திருக்கலாம். அவர்கள் அங்கே பட்ட அவமானங்கள் கொஞ்சமல்ல. செடியைச் சோதிப்பது வேறு, மனிதரை மந்தையாய் நிறுத்துவது வேறு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வை.

கடைசியாக உனக்கு ஒரு தேடல் வேலை. கப்பலில் வரும் சரக்குகளை மரப் பெட்டியிலும் மரத் தட்டிலும் அடுக்குவார்கள். அந்த மரத்துக்குள்ளும் வண்டு வரும். 1996இல் நியூயோர்க்கில் மரங்களைத் துளைத்த ஆசிய வண்டு, சீனாவிலிருந்து போன பெட்டி மரத்தில் ஒளிந்து போனதுதான். இப்போது ஏற்றுமதிக்கான மரத்தை அதன் உள்நடு 56 பாகை செல்சியஸ் சூட்டை எட்டி 30 நிமிடம் அதிலேயே இருக்கும்படி வாட்டுகிறார்கள். அல்லது புகை மருந்து கொடுக்கிறார்கள். பிறகு ஒரு முத்திரை குத்துகிறார்கள். அதில் ஒரு கோதுமைக் கதிர் இருக்கும். பக்கத்தில் அந்த மரம் எந்த நாட்டில் பதப்படுத்தப்பட்டது என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இந்தியா என்றால் ஐ, என். இலங்கை என்றால் எல், கே.

கண்டிக்குப் போகும்போது பெரிய கடைகளின் பின்பக்கத்தில், தளபாடக் கடை வாசலில், குவித்து வைத்த மரத் தட்டுகளில் அந்தக் கதிரைத் தேடு. எத்தனை நாடுகளின் எழுத்துகள் அகப்படுகின்றன என்று கொப்பியில் எழுதி வைத்து, பள்ளி தொடங்கியதும் உன் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டு.